பெரியம்மா போட்ட வெள்ளை முட்டை

மாப்பிள்ளைக் கோட்டின் இடது கை கோழிக்கு அடியில் இருந்தது.

அதைக் கண்டுபிடிப்பதற்குள் தையல்காரர் கடையையே புரட்டிப் போட்டுவிட்டார். மேசைக்கு அடியில் தேடினார், பெட்டிக்குள் தேடினார், மனைவி பிடிதுணியாக எடுத்துப் போயிருப்பாளோ என்று அடுப்படி வரை போய்ப் பார்த்தார். கடைசியில்தான் தெரு ஜன்னலுக்குக் கீழே இருந்த வெட்டுத்துணிக் கூடையைக் கவனித்தார். கூடையில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றுக்கு அடியிலிருந்து கறுப்புத் துணி எட்டிப் பார்த்தது.

பெரியம்மா என்பது கோழியின் பெயர். வயதுக்கு மரியாதையாக மனைவி வைத்தது. அவள் முட்டையிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அடை உட்காரும் ஆசை மட்டும் விடவில்லை. முட்டை இல்லாவிட்டால் நூல்கண்டு, அதுவும் இல்லாவிட்டால் பொத்தான் டப்பா. உட்கார்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

தையல்காரர் கையை விட்டார். பெரியம்மா கொத்தினாள்.

"இங்க வந்து பாரு, உன் பெரியம்மா பண்றத."

"நாலு வார்த்தை பேசிட்டு எடுக்கணும்" என்றாள் மனைவி. "திடுதிப்னு வயித்துக்கு அடியில கைய விட்டா யாருதான் கொத்த மாட்டாங்க?"

அந்த நேரம் எதிர்க் கறிக்கடைக்காரர், தைக்கக் கொடுக்கக் கிழிந்த சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். ஆள் வாசல் அளவு இருப்பார். அவர் தெருவைக் கடந்தாலே இந்தப் பக்கத்துக் கோழிகளெல்லாம் அலறிக்கொண்டு மதிலேறிவிடும். இப்போதும் ஏறியிருந்தன.

"அண்ணே, வெள்ளிக்கிழமை இவள எடுத்துக்கங்க" என்றார் தையல்காரர், விரலைச் சப்பியபடி.

"ஏங்க..." என்றாள் மனைவி.

"முட்டையும் கிடையாது, எந்திரிக்கறதும் கிடையாது. தீனியும் போட்டு நான் கொத்தும் வாங்கணுமா?"

"முட்டை போட்டா?" என்றாள் மனைவி.

"போட்டா இருந்துட்டுப் போகட்டும். போடாதுல்ல."

கறிக்கடைக்காரர் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரியம்மாவும் அவரைப் பார்த்தாள். "கறி முத்தலா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரியம்மாவுக்கு அடியில் ஒரு முட்டை இருந்தது.

"கடவுள் இருக்காருங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்காரு. ஆனா அவரு முட்டை போட மாட்டாரு." தையல்காரர் முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ போட்டதெல்லாம் பழுப்பு. இது வெள்ளை."

"வயசானா உங்க தலை வெளுக்கலையா?"

அவர் கை தானாகத் தலையைத் தடவியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. பால்வண்டி ஓட்டும் மைத்துனன் சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"அடையில இருக்கற கோழி முட்டை போடாது மாமா" என்றான் அவன். "யாரோ வைக்கறாங்க. அதுவும், கீழ முட்டை இருக்க இருக்க அடை இன்னும் இறுகும்."

"யாரு வைப்பாங்க?"

மைத்துனன் அக்காவைப் பார்த்தான், அக்கா போட்ட சோற்றைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும்" என்றான். பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, "பச்சைத் தண்ணியில ஒரு முக்கு முக்குங்க, அடை தெளிஞ்சிடும்" என்று வைத்தியமும் சொன்னான்.

தையல்காரர் முக்கினார். பெரியம்மா வாளியிலிருந்து எகிறி நேராக மாப்பிள்ளைக் கோட்டின் மேல் ஏறி நின்று, ஒரு மழைக்காலத்தையே உதறினாள். பிறகு தோள்பட்டை வழியாக இறங்கிப் போய்க் கூடையில் உட்கார்ந்தாள். கோட்டைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த நாளும் ஒரு முட்டை. ஈரக் கோழிக்கு அடியில் காய்ந்த முட்டை.

சந்தேகத்துக்கு நாம் சோறு போட வேண்டியதில்லை. அது கிடைத்ததைத் தின்று வளர்ந்துவிடும். தையல்காரர் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியை எடுத்தார். முட்டையில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார். கறிக்கடையில் முட்டையும் விற்பார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மனைவி வாங்கப் போகிறாளா என்று தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மனைவி பையோடு வெளியே போய் வந்தாள்.

"பையில என்ன?"

"வெங்காயம்."

"காட்டு."

மனைவி பையைத் தரையில் கொட்டினாள். வெங்காயம்தான். நான்கு மூலைக்கும் உருண்டு ஓடியது. அவரே குனிந்து பொறுக்கினார்.

மறுநாள் காலை நீலக் குறி போட்ட அதே முட்டை பெரியம்மாவுக்கு அடியில் இருந்தது.

"வெங்காயத்துக்கு அடியில என்னடி இருந்துச்சு?"

"உங்க சந்தேகம் இருந்துச்சு. நீங்களே வச்சிட்டு என் மேல பழி போடறீங்க. முட்டை போடற கோழின்னு சொல்லி யார் தலையிலயாவது கட்டத்தானே?"

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. எல்லாம் கோழி வழியாகவே நடந்தது.

"பெரியம்மா, சோறு ஆறுதுன்னு சொல்லு."

"பெரியம்மா, எனக்குப் பசியில்லன்னு சொல்லு."

பெரியம்மா யார் பக்கமும் சேரவில்லை.

தையல்காரர் குறி போட்ட முட்டையோடு கறிக்கடைக்கே போனார். "அண்ணே, நேத்து இந்த முட்டைய உங்ககிட்ட யாரு வாங்கினாங்க?"

கறிக்கடைக்காரர் வெட்டுக்கட்டையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "முட்டைக்கு முகமா இருக்கு டெய்லரே, ஞாபகம் வச்சுக்க? வச்சிட்டுப் போங்க."

தையல்காரர் முட்டையை வைத்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. கோழிய எடுத்துக்கறீங்கள்ல?"

"கத்தி சாணைக்குப் போயிருக்கு. அப்புறமாப் பாக்கலாம்."

அவருடைய முதுகுக்குப் பின்னால் மூன்று கத்திகள் பளபளவென்று தொங்கின. தையல்காரர் அவற்றைப் பார்த்தார். கறிக்கடைக்காரரின் கண்ணோ தெருவைத் தாண்டி, தையல்கடை ஜன்னலுக்குக் கீழே இருந்த கூடையில் இருந்தது. ஓகோ என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர். மனைவி முட்டை வைக்கிறாள், இவர் கோழியைச் சும்மாவே தூக்கப் பார்க்கிறார். நல்லவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் கடையிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைக் கடைப் பக்கம் தாழ் போட்டுவிட்டு, வெட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கையில் அளவெடுக்கும் இஞ்ச் டேப். மேலே மாப்பிள்ளைக் கோட்டு தொங்கியது. கூடையில் பெரியம்மா.

முட்டை வைக்க மனைவி கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. வெளியே கோழிகள் திடீரென்று அலறிக்கொண்டு மதிலேறும் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பெரிய கை உள்ளே நுழைந்தது.

பெரியம்மா கொத்தவில்லை. பழகிய ஆளுக்கு இடம் விடுவதுபோல் இறக்கையை லேசாகத் தூக்கினாள்.

தையல்காரர் பாய்ந்தார். டேப்பை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். "புடிச்சிட்டேன். கோழித் திருடன்."

உள்ளேயிருந்து மனைவி கதவைத் தட்டினாள். தாழைத் திறந்துவிட்டு, பேச்சு நின்றுபோனதை மறந்து, "வந்து பாரு, ஆளப் பாரு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே கறிக்கடைக்காரர் தலை குனிந்து நின்றிருந்தார்.

"அண்ணே, கேட்டா குடுத்திருப்பேனே" என்றார் தையல்காரர். "இதுக்குப் போய்த் திருடணுமா?"

கறிக்கடைக்காரரின் மூடியிருந்த கை மெல்ல விரிந்தது. உள்ளங்கையில் ஒரு வெள்ளை முட்டை. அதில் நீலப் பெருக்கல் குறி.

தையல்காரர் முட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்க்க முடியவில்லை.

மனைவிதான் முதலில் போய் முடிச்சை அவிழ்த்தாள். மணிக்கட்டு சிவந்திருந்தது. "தினம் எத்தனையோ கோழி உங்க கையில போகுது" என்றாள் மெதுவாக. "இவளுக்கு மட்டும் ஏண்ணே?"

மதில் மேல் கோழிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. கறிக்கடைக்காரர் ஒற்றை விரலால் பெரியம்மாவின் முதுகைத் தடவினார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து எந்திரிச்சு ஓடாத கோழி இவ ஒருத்திதாம்மா."