பக்கத்து அறை மீட்டர்

முள் மறுபடியும் பூச்சியத்திலேயே உட்கார்ந்திருந்தது. அறிவியல் ஆசிரியர் இகராஷி மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

மதியம் ஒன்றரைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் அவருடைய வகுப்பைப் பார்வையிட வருகிறார். அந்த அம்மாள் பரிந்துரைத்தால் ஏப்ரலில் வேலை நிரந்தரம். சொதப்பினால் நீகாதாவில் மாமனாரின் முள்ளங்கி ஊறுகாய்க் கடைதான் கதி.

தவளை, மீன் என்றால் இகராஷி கில்லாடி. மின்சாரம் என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். இன்றைய பாடமோ, இரண்டு கம்பிச்சுருள்களை அருகருகே வைத்து ஒன்றில் பேட்டரியின் நேர்மின்சாரத்தை விட்டால், தொடாமலே மற்றதிலும் மின்சாரம் உண்டாகும் என்பது. உண்டானால் அதோடு இணைத்த மீட்டரின் முள் நகரும்.

சுருளின் காந்தமே முள்ளை இழுத்துவிட்டால் அந்த அம்மாள் குறை பிடிப்பாரே என்று, நீளமான ஒயர் போட்டு மீட்டரைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். அந்த அறைக்குத் தனிச் செருப்பு. ஆய்வகச் செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் மற்றதை மாட்ட வேண்டும். தலை போகிற அவசரத்திலும் இகராஷி இதில் குறை வைத்ததில்லை.

அங்கே அலுவலக எழுத்தர் ஒகிட்சு, பாடக்குறிப்புத் தாள்களை ஸ்டேப்ளரால் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'முள் நகரும்' என்றிருந்தது. இகராஷி உள்ளே வரும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்துப் போனது. தன்மீது பரிதாபப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு பேட்டரியை ஆறாக்கினார். ஸ்விட்சைப் போட்டார், செருப்பு மாற்றினார், பார்த்தார். பூச்சியம். திரும்பி வந்து அணைத்தார்.

சுருள்களை ஒட்டி வைத்து, நடுவில் இரும்புத் தண்டைச் செருகினார். பூச்சியம்.

காந்தம் இன்னும் எட்டுகிறதோ என்ற சந்தேகத்தில் மீட்டரை அந்த அறையின் கோடி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இப்போது செருப்பு மாற்றியபின் இன்னும் பதினைந்து காலடி நடக்க வேண்டியிருந்தது. அதற்கும் பூச்சியம்தான்.

"என்னம்மா, இது செத்தே போச்சா?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

"தெரியலைங்க சார்" என்று ஒகிட்சு தரையைப் பார்த்தாள்.

கடைசியாகப் பன்னிரண்டு பேட்டரி. அதற்கும் அசையாத முள்ளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஸ்விட்சைக்கூட அணைக்காமல், சுருளின் ஒயர்களை இரண்டு கையாலும் வெடுக்கென்று பிடுங்கினார்.

சுளீரென்று தோள்வரை ஓர் உதை. ஸ்டூலோடு மல்லாந்து விழுந்தார். செத்துப்போன கருவி எப்படி உதைக்கும் என்று புரியாமல், தரையில் கிடந்தபடியே விரல்களை எண்ணிப் பார்த்தார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் உமேஹாரா ஓடிவந்தார். அவர் பின்னாலேயே, முன்கூட்டியே வந்துவிட்ட அந்த அம்மாள்.

இகராஷிக்கு உயிரே போய்விட்டது. எழுந்து, இடுப்பு முறிகிற அளவுக்குக் குனிந்தார்.

"மன்னிக்கணும். பாடக்குறிப்புல பொய் எழுதிட்டேன். முள் நகரலை."

தலைமையாசிரியரும் பக்கத்தில் நின்று குனிந்தார்.

"காலையிலேர்ந்து ஒரு தடவைகூடவா?" என்றார் அந்த அம்மாள்.

"ஒரு தடவைகூட இல்லைங்க. நானே போய்ப் போய்ப் பார்த்தேன்."

அந்த அம்மாள் நோட்டை மூடினார்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒகிட்சு வந்தாள். செருப்பைக்கூட மாற்றவில்லை. அந்த அறைச் செருப்போடு அவள் ஆய்வகத்தில் நிற்பதைப் பார்த்து மூன்று பேருமே அதிர்ந்து போனார்கள். அவள் இகராஷியைவிடத் தாழக் குனிந்தாள்.

"சார் மேல தப்பில்லைங்க. போன வாரம் துடைக்கறப்ப மீட்டரை நான்தான் கீழ போட்டுட்டேன். என்னமோ கெட்டுப்போச்சு. இங்க ஸ்விட்ச் போட்டா முள் ஒரு பக்கம் துள்ளுது, அணைச்சா மறுபக்கம் துள்ளுது. சார் பேட்டரி ஏத்த ஏத்த துள்ளலும் ஜாஸ்தி. வேலை போயிடுமேன்னு வாயைத் திறக்கலைங்க. நல்லவேளையா, ஒவ்வொரு தடவையும் சார் செருப்பு மாத்திட்டு வர்றதுக்குள்ள அதுவே அடங்கிடுச்சு."