பொல்பிட்டியவிலிருந்து வந்த பிணம்

மரவேலையைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆண்கள் முதலில் மெசின் வாங்குவார்கள். அதை வைத்து என்ன செய்யலாம் என்று பிறகுதான் யோசிப்பார்கள். (யோசித்து முடிப்பதற்குள் பென்ஷன் வந்துவிடும்.) இதைத் தொழிலாகச் செய்யும் பாஸ்மாருக்கு, அதாவது நிஜத் தச்சர்களுக்கு, இந்த வியாதி கிடையாது. அவர்கள் ஓர் உளியையும் சீவுளியையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, கதவை மாட்டிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என்னைப் போன்ற வியாதிக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஹட்டனில் பாமசி வைத்திருப்பவர், நுவரெலியாவில் வங்கியில் இருப்பவர், மற்றவர்கள் பெரும்பாலும் வாத்தியார்மார். பல வேலை செய்யும் மெசினை அவரவர் எப்படி வாங்கினார் என்று சொல்வது குழுவில் ஒரு சடங்கு. பாமசிக்காரர் தன் மெசினை உள்ளே கொண்டுவரக் குசினிச் சுவரை இடித்தார். வங்கிக்காரர் அது தையல் மெசின் என்று மனைவியிடம் சொல்லி நாலு மாதம் சமாளித்தார். என் முறை வரும்போதெல்லாம் நான் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவேன். இன்றைக்குச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முந்திய கதை. வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில், அம்மாவும் நானும் தங்கச்சி கலாவும் இருந்தோம். அப்பா இல்லை. நான் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். ஓய்வு நேரத்தில் மரத்தைக் கெடுத்தேன். அதுவரை நான் செய்து முடித்திருந்தது ஒரே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்தவர்கள் எழும்பும்போது என்னைப் பார்க்க மாட்டார்கள். குற்றம் என் கையில் இல்லை, கைக்கருவியில் இருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பொல்பிட்டியவில் ஒரு மெசின் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்ற சிங்கள இஞ்சினியர் ஒருவர் விற்கிறார். ஒரே உடம்பில் பலகை அறுக்கும், சீவும், துளை போடும், காடி வெட்டும். போய்ப் பார்த்தேன். மனுஷன் சுவிட்சைப் போட்டு ஒரு கரடுமுரடான சப்பு மரப் பலகையை உள்ளே தள்ளினார். மறுபக்கம் வந்த பலகையைத் தடவிப் பார்த்த நான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டேன். அவர் மெசினின் கரண்டைப் பற்றி என்னமோ மூன்று தடவை விளக்கினார். எனக்குச் சிங்களம் தெரியும். கரண்டுதான் தெரியாது. ஒரு கணித வாத்தியார் இன்னொருவரிடம் விளக்கம் கேட்பதா? மூன்று தடவையும் "ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்போது வேறொரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. கலாவுக்கு ராகலையிலிருந்து ஒரு சம்பந்தம். அதற்கு முன் வந்த இரண்டும் தட்டிப்போயிருந்தன. பலகாரம் தின்றுவிட்டுப் போனவர்களிடமிருந்து ஒரு போன் கூட வரவில்லை. இந்த மாப்பிள்ளை பிரபா, எலக்ட்ரீசியன். இரண்டு பேரும் ஒரு மாதமாகப் போனில் பேசியிருந்தார்கள். கோயில் மணிச் சத்தத்துக்கே முணுமுணுக்கிற கலா, துணி துவைக்கும்போது பாட ஆரம்பித்திருந்தாள். அவர்கள் பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. முதல் நாளே அவள் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"அண்ணே, இது எனக்குப் புடிச்சிருக்கு. நீ ஒன்னுமே செய்ய வேணாம். நல்ல சட்டையா போட்டுகிட்டு, கீழ் ரோட்டுல நின்னு, அவங்கள கூட்டிட்டு வந்தாப் போதும்."

அவ்வளவுதான் எனக்கு இடப்பட்ட வேலை. சட்டை, கீழ் ரோடு, கூட்டிவருதல்.

இஞ்சினியர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கண்டிக்கு மகளிடம் போவதும் அதே ஞாயிறு. அன்றைக்கு எடுக்காவிட்டால் மெசின் வேறு ஆளுக்குப் போய்விடும். நான் கணக்குப் போட்டேன். விடியற்காலை மரக்கறி லொறியில் போனால், ஒன்பதுக்கு ஏற்றி, பன்னிரண்டுக்கு வீட்டில். குளித்துச் சட்டை மாற்ற மூன்று மணித்தியாலம். அம்மாவிடம், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழம் வாங்கப் போகிறேன் என்றேன். (பழத்தை மறந்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.)

ஏற்றும்போதே தூறல். இரும்பு நனைந்தால் துருப்பிடிக்கும் என்று இஞ்சினியரின் மனைவி ஒரு பழைய வெள்ளை பெட்ஷீட்டைக் கொடுத்தார். மெசினைத் தலையோடு கால் மூடி, இரண்டு முனையிலும் கயிறு போட்டுக் கட்டினோம். கழற்றிய பிளேடும் போல்ட்டும் எருமைத் தயிர் வாங்கிய மண் சட்டி ஒன்றில் இருந்தன. அதையும் என் கையில் தந்தார். லொறி கொட்டகலை ஏற்றத்தில் சூடேறி நின்றது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அதே ஏற்றத்தில் நின்று, ரேடியேட்டரை வாழ்நாளில் முதல் தடவையாக அருகிலிருந்து பார்த்தேன். தோட்டத்து மேல் ரோட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால்.

சுமப்பதற்கு முருகேசண்ணன் ஏழு பேருடன் காத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் நின்று தூக்குகிறவர் அவர். பாரமான எதையும் சரிவில் இறக்க அவருக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். இரண்டு நீளக் கம்பு, முன்னுக்கு நாலு தோள், பின்னுக்கு நாலு தோள், பாதை வளையும் ஒவ்வொரு முடக்கிலும் தோள் மாற்றம். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்வதற்கு முன் அவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"மாஸ்டர், இதுக்குத் தலமாடு எது?"

மோட்டர் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அப்போ கால் பக்கம் முன்னுக்குப் போகட்டும் என்று சைகை காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மேலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் படியில் ஓர் ஆள்தான் போகலாம். அதனால் பெரிய பாதையில் வீட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, மைதானத்தைச் சுற்றி, வீட்டின் பின்பக்கமாக வரவேண்டும். மயானத்துக்குப் போவதும் அதே பாதைதான். என் சட்டையில் கிரீஸ் பட்டிருந்ததால் கழற்றிவிட்டேன். செருப்பு வழுக்கியதால் அதையும் விட்டேன். சாரத்தை மடித்துக் கட்டி, துவாயைத் தோளில் போட்டு, தயிர்ச் சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வழிகாட்ட முன்னால் நடந்தேன். பாதி இறக்கத்தில் பின்னாலிருந்த இரண்டு பேர் பழக்கதோஷத்தில் "கோவிந்தா" போட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு எட்டுப் பேரின் காலும் ஒரே தாளத்தில் விழுந்தது. நல்லதாகப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டைத் தாண்டிய இரண்டாவது முடக்கில் எதிரே மூன்று பேர் ஏறி வந்தார்கள். எங்களைக் கண்டதும் தேயிலைப் பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். நெற்றியில் சந்தனம் வைத்த பெரிய உருவம் ஒன்று குடையை மடக்கியது. பக்கத்தில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். மூன்றாவது முகத்தைக் கலாவின் போனில் பார்த்திருந்தேன். பிரபா.

அரை மணி நேரம் முந்தியே வந்துவிட்டார்கள். (பெண் வீட்டாரைப் பதற வைப்பதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படி ஓர் ஆனந்தம்.)

அந்த இடத்திலேயே சிரித்து, கும்பிட்டு, "நான்தாங்க பொண்ணோட அண்ணன், இது ஒரு மெசின்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷன் அதைத்தான் செய்திருப்பான். எனக்கோ, சட்டையில்லாமல் தயிர்ச் சட்டியோடு நிற்பவன் பெண்ணின் அண்ணன் என்று தெரியாமல் இருந்தால் போதும் என்று பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். சந்தனக்காரர் கிட்ட வந்தார். பிரபாவின் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது.

"யாருங்க தம்பி?"

சொந்தக்காரர் என்றேன். எப்போது தவறினார் என்று கேட்டார். காலையில் என்றேன். வயதைக் கேட்டதும், மெசினுக்கு இஞ்சினியர் சொன்ன வயது வாயில் வந்துவிட்டது. முப்பத்தைந்து. அவர் 'ச்சு' கொட்டினார். முருகேசண்ணன் விழிபிதுங்க என்னைப் பார்த்தார். பாவம், வாய் நிறைய வெற்றிலை.

மாமா முறை தெரிந்த மனுஷர். குடையைத் தன் அக்காவிடம், அதாவது பிரபாவின் அம்மாவிடம், கொடுத்துவிட்டு, கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்துப் பத்தடி நடந்தார். நல்ல பாரம் என்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பிப் போய், பெண் பார்க்கப் போகையில் பிணம் எதிரே வருவதைப் போல நல்ல சகுனம் தேடினாலும் கிடைக்காது என்று அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிரபா மட்டும் போர்வைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு வீட்டுக்குள் நடந்ததைக் கலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா சந்தோஷமாக உள்ளே வந்து உட்கார்ந்து, நல்ல சகுனத்தையும் துக்கத்தையும் ஒன்றாக விசாரித்திருக்கிறார். தோட்டத்தில் ஒரு சாவும் இல்லையே, தப்படிக்கிற சத்தம் கூடக் கேட்கவில்லையே என்று அம்மா குழம்பியிருக்கிறார். வாலிப வயசு, முப்பத்தைந்துதான் என்று மாமா சொன்னதும், யார் பெற்ற பிள்ளையோ என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அண்ணன் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்ட நேரம், வீட்டின் பின்பக்கம் "கோவிந்தா" நெருங்கியது.

எங்கள் வீட்டில் முன்னறையில் உட்கார்ந்தால் பின்வாசல் நேரே தெரியும். முதலில் தயிர்ச் சட்டி, அடுத்து நான், என் பின்னால் ஊர்வலம். எல்லாரும் பார்த்திருக்க, பிணத்தைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இறக்கினோம். முருகேசண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு பெட்ஷீட்டை உருவினார்.

"மாஸ்டர், இதுக்குப் போயா ஆள் செத்துட்டான்னு சொன்னீங்க?"

தேத்தண்ணித் தட்டோடு நின்ற கலாவின் முகத்தை அப்போது பார்த்தேன். கோபம்கூட இல்லை. மூன்றாவதும் போயிற்று என்று அவள் முடிவு செய்துவிட்ட முகம். மெசினைத் தூக்கி மறுபடியும் பொல்பிட்டியவுக்கே நடந்து போய்விடலாம் போலிருந்தது.

மாமா எழும்பிவிட்டார். அவருடைய கோபம் நான் பயந்த மாதிரிக் கோபம் இல்லை.

"பொணமா இருந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்லீங்க. பொணம்னு நம்பித்தானே தோள் குடுத்தேன். இரும்பு எதிர வந்தா என்ன சகுனம்னு எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கு? எழும்பு பிரபா."

கலா தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, பொய் சொன்னது எங்கண்ணன். அத நீங்க என்ன வேணுன்னாலும் செய்ங்க. நான் காலைல அஞ்சு மணிக்கு எழும்பி வடை சுட்டிருக்கேன். திங்காம போனா எனக்கு மனசு வலிக்கும்."

பிரபாதான் எழும்பினான். வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் வந்து, மெசினுக்குப் பக்கத்தில் குந்தி, தொங்கிக்கொண்டிருந்த பிளக்கைக் கையில் எடுத்தான். பாதையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஐந்து முள் உள்ள பிளக்.

"மாமா, இது மூனு பேஸ் மோட்டரு. லயத்துக்கு வர்ற ஒத்தைக் கரண்டுல இது ஓடவே ஓடாது."

"ஓடாதுன்னா?"

"உசுரு இல்ல மாமா."

இஞ்சினியர் மூன்று தடவை விளக்கியது எனக்கு அந்த நொடியில் முழுசாக விளங்கியது. மாமா குடையை ஊன்றிக்கொண்டு மெசினைச் சுற்றி வந்தார். இனிமேலும் ஓடாதா என்று கேட்டார். பிரபா கலாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, இங்கே இருக்கும் வரைக்கும் ஓடாது என்றான். மாமா குடை நுனியால் மெசினை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப பொணந்தான்" என்றார்.

தோள் கொடுத்த தோஷத்துக்குப் பீலியடியில் விழும் தண்ணியில் குளித்துவிட்டு வந்து, என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏழு வடை தின்றார். தையில் கல்யாணம்.

மூன்று பேஸ் கரண்டுக்கு நான் மனுக் கொடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், எந்த இடத்துக்கு என்று கேட்டார்கள். கோழிக்கூட்டுக்கு என்றதும் அந்த அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. மோட்டரைக் கழற்றிவிட்டு, வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டர் ஒன்றை மாட்டினால் போதும். என் மச்சான் பிரபாவுக்கு அது அரை நாள் வேலை. ராகலையில் நாலு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு அவனைக் கேட்டேன். பக்கத்திலிருந்த மாமாவின் காதில் விழுந்துவிட்டது. அதற்கு உசிர் வந்தால் சகுனம் என்னாவது, இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை என்னாவது என்று சபையில் கேட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை மச்சான், ஆனால் எதற்கு வம்பு என்றான், சயன்ஸ் படித்த பிரபா.

ஆகவே என் மெசின் ஏழு வருடமாகக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் மிளகாய் காயப்போடுகிறார். நான் இன்னும் கைச் சீவுளியால்தான் சீவுகிறேன்.

ராகலையில் கலாவுக்கும் பிரபாவுக்கும் சண்டை வந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதில்லை. எனக்குத்தான் போன் வரும். போன கிழமையும் வந்தது. பிரபா சொல்லாமல் நுவரெலியாவில் தங்கிவிட்டானாம்.

"அண்ணே, அந்த மெசின தொட்டியா?"

மோட்டரில் தூசி மட்டும் தட்டினேன் என்றேன்.

"தட்டாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் பிரபாவும் போன் எடுத்தான். அவனும் அதையேதான் கேட்டான்.