முப்பது மாத மாடும் மூன்று நாள் நல்லுறவும்

ஆதிகாலம் தொட்டுக் கீரியும் பாம்புமாக இருந்த மாடு வளர்ப்பவனையும் மாடு அறுப்பவனையும் ஒன்றுசேர்த்த பெருமை, ராஸ்காமன் பக்கத்து இறைச்சி ஆலை ஒன்றையே சாரும். புதன் முதல் வெள்ளி வரை "விவசாயி நல்லுறவு விழா" கொண்டாடிய அந்த ஆலை, விருந்தினர் மனம் நோகக் கூடாதென்று மூன்று நாளும் அறுப்பையே நிறுத்திவைத்தது. அயர்லாந்து இப்படியொரு பண்பாட்டைக் கண்டதில்லை.

ஃபின்டன் கெராட்டிக்குத்தான் அதை ரசிக்கத் தெரியவில்லை. அவனுடைய மாடுகளுக்கு அந்த வெள்ளியோடு முப்பது மாதம் முடிகிறது. அதைத் தாண்டிய மாடு ஆலையின் கணக்கில் கிழம், விலையை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் ஒரு வருஷப் பாடு போச்சு, அடுத்த கன்றுகள் வாங்க வழியில்லை. திங்களன்றே ஆலையின் நல்லுறவு அதிகாரி ஹான்லியைப் போனில் கூப்பிட்டான்.

"நாளைக்கே என் மாட்டை எடுத்துக்குங்க ஹான்லி. வெள்ளிக்கு மேல வயசு தாண்டிடும்."

"நாளைக்கு இடமில்லையே ஃபின்டன். அப்புறம் விழா. உங்களைக் கௌரவிக்கிற நேரத்துல உங்க மாட்டை அறுத்தா நல்லாவா இருக்கும்?"

"பேஷா இருக்கும்! அதுக்குத்தானே வளர்த்தேன்?"

"அடுத்த திங்கள் கொண்டாங்க."

"மாடு நம்மளுது, தேதி அவனுது. போய் வயிறு முட்டத் தின்னுட்டாவது வா" என்றாள் அவன் மனைவி நூலா.

வெள்ளியன்று அவன் விழாவில் போய் உட்கார்ந்தான். கடைசி முயற்சியாகக் கையைத் தூக்கி, "விலை..." என்று ஆரம்பித்தான்.

"குடும்பமா கூடியிருக்கோம், அந்தக் கெட்ட வார்த்தை எதுக்கு?" என்றார் விழாத் தலைவர்.

சந்தையில் பேரம் இழுத்தால், மூன்றாம் ஆள் ஒருவர் விற்பவர், வாங்குபவர் இருவர் கையையும் பிடித்து அறைந்து சேர்த்துவைப்பது அங்கே வழக்கம். ஆலை மரபை மறக்குமா? அதற்கும் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவர் ஹான்லியின் கையைப் பிடித்து ஆலை மேலாளரின் கையில் அறைந்தார், விலை படிந்தது. விவசாயிகள் பலமாகக் கைதட்டினார்கள். அவர்கள் கைதான் சும்மா இருந்ததே.

பிறகு விருந்து. ஃபின்டனுக்கே வாய் ஊறியது; கோபமாக இருந்தவன் இரண்டாம் தட்டும் வாங்கினான்.

"எப்படி?" என்றார் ஹான்லி. "நம்ம ஆலையோட விசேஷ சரக்கு. முப்பது மாசம் தாண்டின மாடு. லண்டன்ல இதுக்கு இரட்டிப்பு விலை! வயசானாத்தானே ருசி."

ஃபின்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப திங்கக்கிழமை என் மாட்டுக்கு விலையைக் கூட்டித் தருவீங்களா?"

ஹான்லி அவன் தோளைப் பாசத்தோடு தட்டினார். "என்ன ஃபின்டன், புரியாமப் பேசறீங்க? உங்க தொழுவத்துல இருக்கிறவரைக்கும் அது கிழம். எங்க வாசலைத் தாண்டினாத்தான் அது ருசி."

அறுபது விவசாயிகளுக்கு மூன்று நாள் சோறு போட்ட அந்தத் தாராளத்தை யாரும் குறைசொல்ல முடியாது. தட்டுக்கு வந்தது அவர்களுடைய போன வருஷத்து மாடு; செலவுக்கு வந்தது இந்த வருஷத்து மாட்டில் வெட்டும் விலை.