என் புரொஜக்டரும் வைகை அணைத் தண்ணீரும்

புதிதாக ஒரு கருவி கைக்கு வந்துவிட்டால் மனிதனுக்குக் கண் இருந்தும் பிரயோசனம் இல்லை. என் விஷயத்தில் காதும் சேர்ந்தே போயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். அறிவியல் ஆசிரியர்களுக்குப் படம் காட்டிப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, ஒரு புரொஜக்டரோடு என்னை வைகை அணைக்கு அனுப்பினார்கள். (அதற்குமுன் நான் அதை ஓட்டியது ஒரே தடவை. அன்றும் பாதியில் பிலிம் அறுந்தது.) அணைக்குப் பக்கத்திலேயே கூடம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, என் கல்யாண வேட்டியைத் திரையாகக் கட்டினேன். காட்டப்போவதும் அணையைப் பற்றிய படம்தான்.

ராயப்பன்பட்டியிலிருந்து வந்திருந்த ரோஸ்லின் டீச்சர் அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறவர். அணைப் பாடத்தைக் காலமெல்லாம் நடத்தியும், மதகு திறந்து அவர் பார்த்ததில்லை. படம் தொடங்குமுன் என்னிடம் வந்தார்.

"சார், ஷட்டரச் சோதிக்கக் கொஞ்ச நேரம் தொறந்து மூடப்போறாகளாம். இங்கனதான இருக்கு, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துரட்டுமா? நேர்ல பாத்தேன்னு பிள்ளைககிட்டச் சொல்லணும்."

"படத்துல அதவிடத் தெளிவாத் தெரியும் டீச்சர்."

(இருபத்தாறு வயது வாயில் வேறென்ன வரும்?) பயிற்சி கொடுக்கிறவன் பொடியனாக இருந்தாலும் அன்றைக்கு அவன்தான் சார். டீச்சர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

படத்தில் மதகு திறந்தது. அப்படி ஓர் இரைச்சல், பெஞ்சே அதிர்ந்தது. ஸ்பீக்கர் பிரமாதம் என்று பின்வரிசையில் ஒருவர் பாராட்டினார். ஏதோ நானே செய்த ஸ்பீக்கர் மாதிரி குமிழை இன்னும் கொஞ்சம் திருகினேன். ரோஸ்லின் டீச்சர் மட்டும் திரையை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கரண்ட் போனது. படம் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

யாரோ கறுப்புத் துணியைப் பிய்த்தார்கள். விழுந்தடித்து ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. கீழே நனைந்த பாறையும் அடங்குகிற நுரையும்தான் மிச்சம். டீச்சர் மூச்சு வாங்க, ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்ல சார், சத்தமாச்சும் கேட்டமே," என்றார்.

அடுத்த முறை தண்ணீர் திறந்தபோது அவரை அழைத்துவர ஆள் அனுப்பினேன். ஓய்வு பெற்று, மகனோடு வடக்கே போய்விட்டாராம்.

கல்யாண வேட்டி திரையான கதையோடு இதுவும் என் மனைவிக்குத் தெரிந்துபோனது. இன்றைக்கும் நான் டி.வி.யில் வானிலைச் செய்தி பார்க்க உட்கார்ந்தால் பேத்தி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவைப்பாள். "மொதல்ல வெளிய பாருங்க" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். வெளியே மழை இரைகிற நாளில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.