செவ்வாய்க் கிரகத்துத் தபால்காரன்

இனி என் ஞாயிற்றுக்கிழமையை எவரும் தொடக்கூடாது என்று நான் முடிவெடுத்தது 1997 மாசி மாதத்தில். இடம் இத்தாலியின் பலெர்மோ நகரம், கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி, எங்கள் குசினி. முடிவைக் கேட்டவள் என் மனைவி எமிலியானா. அவள் அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தொடர்ந்து வெட்டினாள்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஆறு நாள் நான் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைக்கிறேன். ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்ந்திருந்தார். இந்த இராஜநாயகம் ஓயக்கூடாதா? கூடாது. பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு, நகரத்தின் மறுபக்கம் ஒரேத்தோவில் இருக்கும் இவளுடைய அக்கா யோசப்பின் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே என் சகலன் ஏர்னஸ்ற் தன் மகளின் முதல் நன்மை விழா வீடியோக் கசற்றைப் போடுவான். மூன்று மணித்தியாலம்! கேக் வெட்டுவதை மட்டும் நாலு பக்கத்தால் நின்று எடுத்திருக்கிறான். போன வருசம் அந்தக் கசற்றை நான் பத்தொன்பது தடவை பார்த்தேன். அந்தப் பிள்ளையின் ஞானத்தாயே இரண்டு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

இவ்வளவு காலமும் தப்பிக்க ஒரு காரணம் இருக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. அவன் ஒரு யப்பான் தபால்காரன்.

எமிலியானா உடுப்பு மினுக்க, அதாவது இஸ்திரி போட, போகும் வீட்டில் பழைய படக்கதைப் புத்தகங்களை எறியச் சொல்லியிருக்கிறார்கள். பதினாலு புத்தகம். யப்பானில் கீறி, இத்தாலிய மொழியில் போட்டது. எனக்கு இத்தாலியன் பழக உதவும் என்று இவள் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"படிச்சுப் பாருங்கோ. பஸ்ஸிலை வரேக்கை நானும் கொஞ்சம் புரட்டினனான்."

"நீ புரட்டு. நான் படிக்கிறன். படிச்சு உனக்கும் சொல்லித் தாறன்."

திறந்தால் முதல் பக்கத்தில் ஒரு பெரிய கை. கீழே நாலு வரி. ஏதோ சட்ட எச்சரிக்கை. அதையெல்லாம் யார் வாசிப்பார்கள்? தாண்டிப் போனேன்.

ஆனால் கதை என்றால் அதுதான் கதை! வருங்காலத்துச் செவ்வாய்க் கிரகம். அங்கே கெஞ்சி என்று ஒரு தபால்காரன். பெயர்தான் கெஞ்சி, ஒருத்தரையும் கெஞ்சமாட்டான். புத்தகம் தொடங்கும்போதே குப்புறக் கிடப்பான். கால் ஒரு பக்கம், கை இன்னொரு பக்கம். அடுத்த பக்கத்தில் குண்டு வெடிக்கும். உடனே காலும் கையும் வந்து ஒட்டிக்கொள்ளும்! எழும்பி வீடு வீடாகப் போவான். சனம் வாசித்து அழுதுகொண்டிருக்கும் கடிதங்களை வாங்கிப் பையில் போடுவான். கடிதம் போனதும் சனம் அழுகையை நிறுத்திவிடும். கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சூப் குடிப்பான். பதினாலு புத்தகத்திலும் இதே ஒழுங்கு. சூப்பில் முடியாத புத்தகமே இல்லை.

ஒவ்வொரு மாலையும் எமிலியானாவுக்கு விளக்கம் கொடுத்தேன்.

"ஏனப்பா, தபால்காரன் எண்டால் கடிதம் குடுக்கிறவனெல்லோ?"

"அது உன்ரை காலத்துத் தபால்காரன். இது வருங்காலம். கவலை தாற கடிதங்களை அரசாங்கமே ஆள் விட்டுத் திருப்பி எடுக்குது."

"குண்டு வெடிச்சால் கால் ஒட்டுமோ?"

"அதுக்குப் பேர்தான் விஞ்ஞானம். உனக்கு விளங்காது."

"ஓமோம், எனக்கெங்கை விளங்கப்போகுது," என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை நான் மரியாதை என்று நினைத்தேன்.

அப்படியிருக்க, அந்த மாசியில் ஒரு தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். இதே கதையை உண்மையான நடிகர்களை வைத்து யப்பான்காரர் எடுத்திருக்கிறார்களாம். ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு. பன்னிரண்டு கிழமை. என் முடிவு பிறந்தது அப்போதுதான்.

"சரி," என்றாள் எமிலியானா, கத்தியை வைத்துவிட்டு. "ஆனால் பாக்கிறதிலை உங்களுக்கு என்ன புதுசு? என்ன நடக்குமெண்டு உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"ஒரு வரி பிசகாமல் சொல்லுவன்!"

"அப்ப பந்தயம் பிடிப்பம். நீங்கள் சொன்ன மாதிரிக் கதை போனால், ஞாயிறு உங்கடை. அக்காவுக்கு நானே சாட்டுச் சொல்லுறன்."

"போகாட்டி இந்த வருசம் முழுக்க ஏர்னஸ்ற் வீட்டை வாறன். கசற்றையும் கண் மூடாமல் பாக்கிறன்."

"மடு மாதா படத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லுங்கோ."

நின்றேன். சொன்னேன். நெஞ்சில் கையும் வைத்தேன். பாவம் பெண்பிள்ளை, தோற்கப்போகிறாளே என்று இரக்கம்கூடப் பட்டேன்.

ஞாயிறு வந்தது. மூன்று மணிக்குக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு எழும்பிவிட்டேன்.

"இதென்ன அநியாயம்! இவனுக்குப் பானை மாதிரி வண்டி வைச்சிருக்கு! கெஞ்சிக்கு எங்கை வயித்திலை வண்டி?"

"இருங்கோ, பாப்பம்."

"செவ்வாய்க் கிரகமோ இது? கல்லு உடைக்கிற கிடங்கு! அந்தா, லொறி போகுது!"

அதையெல்லாம் பொறுத்தேன். ஆனால் அந்தத் தொந்தி வண்டிக்காரன் முதல் வேலையாகக் குசினிக்குப் போனான். சூப் குடித்தான்!

"சூப் கடைசியிலையெல்லோ வரவேணும்!"

அவன் குடித்து முடித்துத் தபால் கந்தோருக்குப் போனான். பை நிறையக் கடிதம் எடுத்தான். வீடு வீடாகப் போய், அவற்றை, நம்பமாட்டீர்கள், கொடுத்தான். கடிதம் கொடுக்க ஒருவன் ஏன் செவ்வாய்க்குப் போகவேண்டும்? எங்கள் தெருத் தபால்காரன் அதைத்தானே செய்கிறான்! கடைசியில் குண்டு வெடித்தது. ஒட்டவேண்டிய கால் கழன்று விழுந்தது. அதுவும் வெள்ளித்தாள் சுற்றிய கால். தொடரும் என்று போட்டார்கள்.

பதினாலு புத்தகம் பாடுபட்டுக் கீறினவன் இதைப் பார்த்தால் என்ன பாடுபடுவான்? கதையைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறார்கள், கேட்க ஒரு நாதி இல்லை.

"எமிலி, பேனையை எடு! தொலைக்காட்சிக்காரருக்கு எழுது. நான் சொல்லுறன், நீ இத்தாலியனிலை போடு. மானமுள்ள வாசகன் இராஜநாயகம் எழுதிக்கொள்வது..."

"எழுதலாம். ஆதாரம் காட்டவேணுமெல்லோ? புத்தகத்தைத் தாங்கோ."

கொடுத்தேன். அவள் திறந்தது அந்தப் பெரிய கை இருந்த பக்கத்தை. கீழே இருந்த நாலு வரியை விரலால் தொட்டுத் தொட்டு, நிதானமாகத் தமிழில் வாசித்தாள்.

"நில்லுங்கள். இது புத்தகத்தின் கடைசிப் பக்கம். யப்பான் புத்தகங்களை வலப்பக்கமிருந்து வாசிக்கவேண்டும். தயவுசெய்து மற்றப் பக்கத்தால் தொடங்குங்கள்."

புத்தகத்தைப் பறித்து மற்றப் பக்கத்தால் திறந்தேன்; முதல் பக்கத்திலேயே கெஞ்சி சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"பதினாலுமோ?"

"பதினாலும்தான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"கொண்டுவந்த அண்டைக்கே. பஸ்ஸிலை."

"தெரிஞ்சுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனியோ? இது துரோகம்!"

"நீங்கள் எனக்குச் சொல்லித் தாறன் எண்டனீங்கள். படிப்பிக்கிற ஆளுக்குக் குறுக்கை கதைக்கலாமோ?"

"அப்ப பந்தயம்?"

"ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு. பழைய சேட்டைக் கழட்டி வேறை போடுங்கோ."

மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவவும் எமிலியானாவின் பக்கம்தான் நின்றா.

ஏர்னஸ்ற் வாசலிலேயே நின்றான். கசற் போட்டான். கண் மூடாமல் பார்த்தேன். பூசை, கேக், மறுபடியும் கேக், இன்னொரு பக்கத்தால் கேக். மூன்று மணித்தியாலம் கழிந்து கசற் முடிந்ததும், அடுத்த கிழமைக்கு ஆயத்தமாக அதைத் திரையில் படம் தெரியத் தெரியவே பின்னால் சுற்றவிட்டான். வெட்டிய கேக் கத்தி பட்டு ஒட்டிக்கொண்டது. வாங்கிய பரிசுகளைப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தது. வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கமாக நடந்து வெளியே போனார்கள்.

எமிலியானா என் விலாவில் இடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நல்லாப் பாருங்கோ. உங்கடை கதை இப்பதான் தொடங்குது."