கூடத்து வார்டில் ஒரே நோயாளி

"பத்து நாள். பிள்ளைங்க ரெண்டு பேரும் என் பொறுப்பு. நீ நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று லிப்ட் மெக்கானிக் மார்தட்டிச் சொன்னபோது, அவர் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் நர்ஸ். வெயில் கொளுத்திய கொளுத்தலில் அவள் வார்டு நிரம்பி வழிந்தது. லீவு என்று வாயெடுத்தாலே தலைமை நர்ஸ் முறைத்தாள். பள்ளிக்கூடத்தையோ வெயிலுக்குப் பயந்து மூடிவிட்டார்கள். போன வாரம் நடுப்பகலில் பந்து விளையாடப் போன சின்னவன், ஆறே வயசு, தெருமுனையில் சுருண்டு விழுந்தான். மெக்கானிக்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதனால்தான் லீவு போட்டார்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு ஆசையும் இருந்தது. வருஷம் முழுக்க யாராவது எங்கேயாவது லிப்டில் மாட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒழுங்காகத் தூங்கி எத்தனை காலமாயிற்றோ!

"பத்து நாளும் ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டா, அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை எனக்கே எனக்கு. போனை அணைச்சு, கதவைச் சாத்தித் தூங்குவேன். யாரும் எழுப்பக் கூடாது."

"தாராளமா தூங்குங்க. பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் பிள்ளைங்க வாசலைத் தாண்டக் கூடாது. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! முதல் நாள் பன்னிரண்டு மணிக்குள் மெக்கானிக்குக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "தாகமே இல்ல" என்றாள் ஒன்பது வயசுப் பெரியவள். சின்னவன் டம்ளரை வாங்கிப் பூந்தொட்டியில் கவிழ்த்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேரும் பந்தோடு வாசலில் நின்றார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என்ன மூளை எனக்கு என்று தானே வியந்துகொண்டார். கூடத்து நடுவில் மெத்தையை இழுத்துப் போட்டார்.

"ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடலாமா? நீங்க நர்ஸுங்க. நான் பேஷண்ட்."

"பேஷண்ட் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. கண்ணை மூடிப் படுத்திருக்கணும்."

சாயங்காலம் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "அட, நல்ல யோசனையா இருக்கே!" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. மனுஷன் அதைக் கவனித்திருக்க வேண்டும். எங்கே! கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கண் அசந்த நேரத்தில் நெற்றியில் சொத்தென்று ஈரத்துணி விழுந்தது.

"பேஷண்ட், எழுந்திரிங்க. தண்ணி நேரம்."

"பேஷண்ட் தூங்குறாரும்மா."

"அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பணும். வார்டு ரூல்."

"எந்த வார்டுல?"

"நம்ம வார்டுலதான். அம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க."

பெரியவள் நோட்டை நீட்டினாள். மனைவியின் முத்து முத்தான கையெழுத்து. நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்குமுன் நர்ஸ் ஒரு டம்ளர் குடித்துக் காட்ட வேண்டும். நோயாளிக்கு ஈரத்துணி போட்டால் நர்ஸும் கழுத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நாலு மணிக்கு முன்னால் வார்டை விட்டுப் போகிற நர்ஸுக்கு வேலை போய்விடும்.

சின்னவன் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "இப்ப நீங்க" என்றான். குடித்தார். குடித்தால் சும்மா இருக்க முடியுமா? பாத்ரூம் கதவுக்கு வெளியே சின்னவன் காவல் நின்றான்.

"என்ன கலர்ப்பா?"

"எதுடா?"

"ஒண்ணுக்கு! மஞ்சளா, வெள்ளையா? நோட்டுல எழுதணும்."

"டேய், மெதுவா! பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "சொல்லிடுங்க சார், பிள்ளை எவ்வளவு நேரம் நிப்பான்?" என்றார் பக்கத்து வீட்டு டெய்லர்.

இப்படியே ஓடியது. தினமும் நாலு மணிக்கு, 'நோயாளி கையெழுத்து' என்று பெரியவள் காட்டிய இடத்தில் அரைக்கண்ணில் கிறுக்கிக் கொடுத்தார். ஏழாம் நாள் சின்னவன் அவர் முகத்தருகே குனிந்தான்.

"தலை சுத்துதாப்பா? சுத்தினா உடனே சொல்லிடுங்க. நான் அன்னிக்குச் சொல்லாமலே இருந்துட்டேன்."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். டம்ளரை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு மனைவி முன்னால் போய் நின்றார்.

"பாத்தியா? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாளைக்கு என் கதவு சாத்தியிருக்கும்."

அவள் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "'ஒரு மணி, நோயாளி படுத்திருக்கிறார். ஒன்றரை மணி, நோயாளி படுத்திருக்கிறார். இரண்டு மணி, நோயாளி படுத்துக்கொண்டே முனகுகிறார்.' ஒன்பது நாளும் இதேதான். கீழே உங்க கையெழுத்துதானே?"

"அது வந்து..."

"டியூட்டி பாத்தது இவங்க. ஒன்பது நாளா படுத்தே கிடந்தவருக்கு இன்னும் எதுக்குங்க தூக்கம்? நாளைக்கு எனக்கும் வார லீவு. நர்ஸுங்க மூணு பேருக்கும் ஓய்வு."

மறுநாள் பதினோரு மணிக்கு மூன்று பேரும் மெத்தையில் வரிசையாகப் படுத்தார்கள். மெக்கானிக் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். சின்னவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டணும்ப்பா."