மாமியார் என்று சொல்ல மூக்கும் வேண்டும்

பேசுவதற்கு வாய் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள், மூக்கடைத்திருக்கும்போது ஒரு தடவை "மாமா" என்று சொல்லிப் பார்க்கவும். "பாபா" என்றுதான் வரும்; நடுவில் வரும் ப, கேட்பவர் காதில் வ போலவும் விழும். ம, ந, ண எல்லாவற்றுக்கும் காற்று மூக்கு வழியே போக வேண்டும். வழி இல்லாவிட்டால் அது வாய்க்குள்ளேயே முட்டி நின்று, உதடு திறந்ததும் வெடிக்கும். மெல்லினம் வல்லினமாகிவிடும். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் வாத்தியாரான நான், இதைப் பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்துக் காட்டியே படிப்பித்தவன். (பாடம் எல்லாம் அடுத்தவர்களுக்குத்தானே!)

தங்கச்சி கலாவுக்கு ஹட்டனில் கல்யாணம். வரவேற்புரை என்னுடையது. தமிழ் வாத்தியார் என்பதை ஊர் மறந்துவிடக் கூடாதே என்று, ம வரிசையில் மோனை போட்டு எழுதியிருந்தேன். அந்த வாரம் முழுக்க மழையில் பத்திரிகை கொடுத்து அலைந்ததில் சளி பிடித்து, மூக்கு இரண்டும் அடைத்துவிட்டன.

"இந்தச் சளியோட எதுக்குடா பேசுற? வேற யாரையாச்சும் பேசச் சொல்லு" என்றார் அம்மா.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் செல்லம்மா, நிச்சயதார்த்தத்தன்று யாரோ வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சாப்பிடாமலே எழுந்து போனவர்.

நான் கேட்கவில்லை. மேடையேறி, ஒலிபெருக்கிக்காரரிடம், "மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைங்க" என்றேன். அவர் வெளியே ஓடிப்போய், வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளை மண்டபத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். (காதும் அடைத்திருந்தது.)

"மலைமகள் மடியில் மலர்ந்த மணமக்களே!" என்று தொடங்கினேன். "பலைபகள் படியில் பலர்த்த படபக்களே" என்று மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் எடுபடவில்லை போலும் என்று நினைத்து, அடிவயிற்றிலிருந்து காற்றைத் திரட்டி, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, முழு மூச்சோடு அடுத்த வரியை விட்டேன்.

"பாவியார் அவர்களே!"

பட்டாசு மாதிரி வெடித்தது. நாதஸ்வரக்காரர்கூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லம்மா எழுந்தார்.

"என்னா சொன்னீங்க தம்பி? இன்னொருக்கா சொல்லுங்க."

பதறிப்போய், ஒவ்வோர் எழுத்தாக, இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். "பா... வி... யார்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். செல்லம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு படியை நோக்கித் திரும்பினார். மாலையும் கழுத்துமாக இருந்த கலா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அண்ணனுக்கு மூக்கு அடைச்சிருக்கு. நீங்களே மூக்கப் பிடிச்சிக்கிட்டு மாமியார்னு சொல்லிப் பாருங்க."

செல்லம்மா அவளை முறைத்தார். பிறகு மூக்குத்தியோடு சேர்த்து மூக்கை இறுக்கிப் பிடித்தார்.

"பாவியார்" என்றார்.

மைக் திறந்தே இருந்தது. முதலில் சிரித்தது அவர்தான். அதற்குப் பிறகு பந்தி முடியும்வரை, மண்டபத்தில் மூக்கைப் பிடிக்காத ஆள் இல்லை.

கலாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எந்த விசேஷத்திலும் என் கையில் யாரும் மைக்கைத் தருவதில்லை. செல்லம்மா மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை தவறாமல் போன் எடுப்பார். வணக்கம், நலம் எதுவும் கிடையாது.

"தம்பி, பாவி பேசுறேன்" என்றுதான் தொடங்குவார்.